ஊர் பாடிய ஒலிநாடா

1

நான் டைப் அடிக்கிற கம்பெனியின் மேல்மாடியில் ஒரு ஸ்டுடியோ சும்மா கிடக்கிறது. டொரான்டோவில் வீடு வீடாகக் கம்பி இழுத்து டெலிவிஷன் படம் கொடுக்கிற கம்பெனி இது. அப்படிச் சம்பாதிக்கிறவர்கள் ஜனங்களுக்கென்று ஒரு சானலைத் தனியாக ஒதுக்கித் தர வேண்டும் என்று இங்கே விதி. அந்தச் சானலில் யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம், பேசலாம், தனக்குத் தெரிந்ததைச் செய்து காட்டலாம். வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் அப்போதே போன் பண்ணி, ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறவரோடு பேசவும் செய்யலாம். தூத்துக்குடியில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். நம் பக்கத்தில் டெலிவிஷன் பெட்டியையே இன்னும் பலர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

காமிரா இருக்கிறது, விளக்கு இருக்கிறது, வாசல் திறந்தே இருக்கிறது. ஆள்தான் வருவதில்லை. ரோஜாச் செடிக்குக் கிளை வெட்டுவது எப்படி என்று காட்டுகிற ஒரு பெரியவர் வருவார். அக்கார்டியன் வாசிக்கிற ரெண்டு சகோதரிகள் வருவார்கள். மற்ற நேரத்தில் அந்தச் சானலில் கம்பெனியின் பெயர்ப் பலகைதான் தெரிந்துகொண்டிருக்கும். ஜனங்களைக் கூப்பிட்டுக் கூட்டிவருவது டக் என்கிற வாலிபரின் வேலை. நல்ல மனிதர். கடைகளில் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஆபீஸ் ஆட்களையே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் என் மேஜைக்கு வந்தார். "மெர்சி, வியாழக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் காலியாக இருக்கிறது. நீங்கள் ஏதாவது செய்கிறீர்களா? உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்களேன்."

"எனக்கு ஒன்றும் தெரியாதே" என்றேன்.

"ஒன்றும் தெரியாதவர்களுக்காகத்தான் இந்தச் சானலே இருக்கிறது" என்று சிரித்துவிட்டு ஒரு விண்ணப்பப் பாரத்தை வைத்துவிட்டுப் போனார்.

நிகழ்ச்சியின் பெயர், மொழி, யாருக்காக என்று பாரத்தில் கேட்டிருந்தது. மொழிக்கு நேரே இத்தாலியம், போர்ச்சுக்கீசியம் எல்லாம் அச்சடித்திருந்தார்கள். தமிழ் 'மற்றவை'யில் வந்தது. 'யாருக்காக' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களை ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் மொத்தமாகப் பார்த்துவிடலாம். மத்தியானம் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் பாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் மனசில் வந்தது. அது என் அண்ணன் ஆசீர் தூத்துக்குடியில் கடை வாசலில் நிறுத்தி வைத்திருந்த பீரோ.

2

எங்கள் அப்பா நாசரேத் பக்கம் வாத்தியார். அண்ணனைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். அண்ணன் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டான். கல்யாணத்துக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டான். நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். வேலை விட்டதும் கடைக்குப் போய் உட்கார்ந்திருந்து, அண்ணன் அடைத்த பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம்.

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த காலம் அது. வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஒன்று அண்ணன் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு பல நாள் என்னவோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"ஏளா, நாம வாடகைக்கு விடுத குழாய் ஸ்பீக்கரெல்லாம் கத்த மட்டுந்தான் செய்யுது. கல்யாண வீட்டுல கத்துது, கொடையில கத்துது, எலெக்சன்ல கத்துது. கீழ நிக்கவன் என்ன சொல்லுதான்னு ஒரு நாளாவது அது கேட்டிருக்கா?"

"குழாய்க்குக் காது இருக்கா அண்ணே கேக்கதுக்கு?"

"வச்சுக் குடுத்திருவோம்" என்றான்.

ஒரு பழைய மரப் பீரோவைக் கடை வாசலில் தெருவைப் பார்க்க நிறுத்தினான். உள்ளே டேப் ரிக்கார்டர். நாடாவின் ரெண்டு முனையையும் ஒட்டி மாலை மாதிரி ஆக்கி, சின்னச் சின்ன உருளைகளில் சுற்றி ஓட விட்டான். ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும், அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு மைக், ஒரு பழைய டெலிபோன் ரிசீவர், ரெண்டு சுவிட்சு. பச்சைச் சுவிட்சைப் போட்டால் மேலே மாட்டியிருந்த குழாயில் நாடாவில் இருப்பது கேட்கும். சிவப்பைப் போட்டால் குழாய் அடங்கிவிடும். ரிசீவரைக் காதில் வைத்து ஏற்கெனவே இருப்பதைக் கேட்டுக்கொண்டே, மைக்கில் நீங்கள் பாடலாம், பேசலாம், தட்டலாம். பழசை அழிக்கிற பாகத்தை அண்ணன் கழற்றி எறிந்துவிட்டதால், உங்கள் குரல் முன்னால் இருந்தவர்களின் குரலுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

காசு கிடையாது. தெருவில் போகிற யாரும் போடலாம். அண்ணனைக் கேட்கக்கூட வேண்டாம்.

3

முதலில் அதில் பாடினவர் ராயப்பன். தோணியில் போகிறவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாயிழுத்துப் போகிற பெரிய தோணிகள் பழைய துறைமுகத்தில் அப்போது நிறைய நிற்கும். தோணித் தலைவரான தண்டலுடைய டிரான்சிஸ்டரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவரை அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"இதுல ஒரு சத்தம் குடுமய்யா, மைக் எடுக்கான்னு பாப்போம்."

"என்னத்தச் சொல்ல?"

"என்னத்தயும் சொல்லும்."

ராயப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாய்க்கயிறு இழுக்கும்போது பாடுகிற அம்பாவைப் பாடினார். நல்ல கனத்த குரல். அம்பா என்றால் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லிக்கொண்டே கயிறு இழுப்பார்கள். இங்கே பதிலுக்கு ஆள் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் பழக்கத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த வரியை எடுத்தார். அப்படி இடம்விட்டு இடம்விட்டுப் பதிவானது அது.

அந்த இடைவெளிதான் ஊரை இழுத்தது என்று நினைக்கிறேன். ரெண்டாம் நாளே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் ரிசீவரை ஒருவர் காதிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டு, ராயப்பனுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ரொட்டிக்கடையில் அடுப்புப் பார்க்கிறவர் தகரத் தட்டைக் கொண்டுவந்து தாளம் போட்டார். மீன் ஏலம் விடுகிறவர் ஏலத்தையே பாட்டாக்கினார். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் குடையை மடக்கி வைத்துவிட்டு, ஒரு மெல்லிய இரண்டாவது குரலை மேலே ஓட விட்டார். உப்பளத்தில் வேலை பார்க்கிற பேச்சியம்மாள் மகள் முத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முத்து சிவப்பைப் போட்டுவிட்டு, பாட வெட்கப்பட்டு, கலகலவென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு சரியாக ஓர் இடைவெளிக்குள் போய் விழுந்தது. அதற்கப்புறம் அந்த இடம் எப்போது வரும் என்று ஜனங்கள் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சாயங்காலமானால் கடை முன்னால் கூட்டம். பாடுகிறவர்களை விடப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம். "அந்த ஏலக்காரன் குரலு முடியுத எடத்துல ஒரு குலவை போட்டா நல்லாருக்கும்லா?" "ஏலே, நீ தட்டாத. ராயப்பன் மூச்சு விடுதாருலா, அந்த மூச்சுக்குள்ள தட்டு." கூத்துப் பார்த்தும் சினிமாப் பார்த்தும் பழகினவர்கள், தாங்களே ஒன்றைச் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. யாருடையது என்றும் கேட்கவில்லை.

ராயப்பனும் அவர் மனைவி லூர்தம்மாளும் ஒருநாள் வந்து கேட்டார்கள். லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வீட்டுல ஒரு வார்த்த பேச மாட்டாவ அண்ணாச்சி. இங்கன வந்து ஊருக்கே பாடியிருக்காவ பாருங்க."

4

இங்கே என் மகள் ஷீபா என் இங்கிலீஷைத் திருத்துகிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியபோது அவள் பேசினது முழுக்கத் தூத்துக்குடித் தமிழ்தான். இப்போது நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். புரிகிறது என்பது மட்டும் தெரியும், எவ்வளவு புரிகிறது என்று தெரியாது. அவள் அப்பா செல்வினுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு. வீட்டில் தமிழ் கேட்பது பாதி நேரம் என் வாயிலிருந்து மட்டும்தான்.

டக்கிடம் இந்தப் பீரோக் கதையைச் சொன்னபோது நடுவில், எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போய்விடும் என்றேன். அவர் கரண்ட் என்ற வார்த்தைக்குக் கடல் நீரோட்டம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, குளிக்க ஆபத்தான கடற்கரையா என்று அக்கறையாகக் கேட்டார். எப்படித் திருத்துவதென்று தெரியாமல், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பாரத்திலும் ஒரு சிக்கல் வந்தது. வேற்று மொழி நிகழ்ச்சி என்றால், அதில் தவறான பேச்சு எதுவும் இல்லை என்று அந்த மொழி தெரிந்த ஒருவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். மேலதிகாரி ரெண்டு நாள் யோசித்துவிட்டு என்னையே போடச் சொன்னார். மெர்சி பேசப்போவதில் தவறு ஒன்றுமில்லை என்று மெர்சி கையெழுத்துப் போட்டாள்.

5

ராயப்பன் போன தோணி கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிப் போனது. போய்ச் சேரவில்லை. இடையில் கடல் கொந்தளித்தது எல்லோருக்கும் தெரியும். பின்னால் புறப்பட்ட தோணிகள் எல்லாம் போய், திரும்பியும் வந்துவிட்டன. அவற்றில் ஒன்று பலகைத் துண்டுகளைப் பார்த்ததாகச் சேதி கொண்டுவந்தது. லூர்தம்மாள் நம்பாமல் இருந்து பார்த்தாள். பிறகு சவப்பெட்டி இல்லாமலேயே மாதா கோயிலில் பூசை வைத்தார்கள்.

ஊர் துக்கத்தைக் கொண்டாட வேறு எங்கே போகும்? பீரோவுக்கு வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வந்து தாங்கள் சொன்ன பதிலை இன்னொரு தடவை, இந்தத் தடவை அழுதுகொண்டே சொன்னார்கள். ரொட்டிக்கடைக்காரர் தட்டாமல், ராயப்பனை ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டு டீச்சர் ஒரு கீர்த்தனை வரியைச் சேர்த்தார். அறிந்தவர், அறியாதவர் எல்லோரும் ராயப்பனுக்கென்று ஒரு வார்த்தை வைத்தார்கள். கூட்டம் அதுவரை இல்லாத கூட்டம்.

ஒன்றின்மேல் ஒன்று பதியப் பதிய அடியில் இருக்கிறது மங்கிப்போகும். நாடாவின் குணம் அது. அண்ணனுக்குத் தெரியும். ஆனால் கண்ணீரோடு வந்து நிற்கிறவரிடம் அவன் என்ன சொல்வான்?

லூர்தம்மாள் கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்தாள். கறுப்புச் சேலை. யாருடனும் பேசாமல் நேரே போய்ப் பச்சைச் சுவிட்சைப் போட்டாள். கூட்டம் விலகி நின்றது. நாடா ஒரு சுற்று ஓடியது. மறு சுற்றும் ஓடியது. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவுக எங்க?"

அண்ணன் பீரோப் பக்கம் வந்தான்.

"எல்லாரும் இருக்காவ. அவுக சத்தம் எங்க அண்ணாச்சி?"

"அடியில கெடக்கும்மா. மேல மேல பாடப் பாட அது அமுங்கிட்டுது. இந்தா, ரிசீவர்ல கேளுங்க, கொஞ்சம் தெரியும்."

அவள் காதில் வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே, "இனும யாரையும் பாடச் சொல்லாதீய" என்றாள். "இருக்கது போயிராம எனக்குத் தந்துருங்க. அவுகளோட ஒரு படங்கூட வீட்டுல கெடையாது."

அப்போது பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஒனக்குத் தாரதுக்கு நாங்க வேண்டாங்கல தாயி. ஆனா எம் மவ சிரிப்பும் அதுலதான் கெடக்கு. அவளக் கெட்டிக் குடுத்துப் பம்பாயில கெடக்கா. வேல முடிஞ்சு போவும்போது ஒருதடவ அதக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்."

ரெண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சண்டை இல்லை. சண்டையாக இருந்திருந்தால் யாராவது ஒருவரைச் சத்தம்போட்டு அனுப்பியிருக்கலாம்.

அண்ணன் சிவப்புச் சுவிட்சின் கம்பியைக் கழற்றினான். "கொஞ்ச நாள் பொறுங்க. மதுரையில ஒரு மிஷின் இருக்குன்னு கேள்விப்பட்டேன். இதே மாதிரி இன்னொண்ணு எடுத்து, லூர்தம்மாவுக்கு அசலக் குடுத்திருதேன். ஊருக்கு நகலு. அது மேல நீங்க பாடிக்கிடுங்க."

அதுதான் நியாயமான வழி என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் தோன்றியது.

மதுரை மிஷின் உடனே கிடைக்கவில்லை. கிடைத்ததும் வேகம் ஒத்துவராமல் அண்ணன் அதையும் பிரித்துச் சரிபண்ண வேண்டியிருந்தது. அதுவரை நாடா தேய வேண்டாமென்று பீரோவைப் பூட்டி வைத்திருந்தான். சாயங்காலம் வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பிறகு நிற்காமல் போனார்கள். நகல் எடுத்து, கம்பியை மாட்டி, மறுபடி திறந்த நாளில் அண்ணன் குழாயைத் துடைத்துப் பெயின்ட் அடித்திருந்தான். வந்தார்கள், கேட்டார்கள். யாரும் சிவப்பைப் போடவில்லை.

பேச்சியம்மாள் இடுப்பில் கூடையோடு நின்றாள். அண்ணன் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னான். "இதுல என்ன வேணாலும் பாடுங்க. அசலு பத்திரமா இருக்கு."

"பாடலாம் அண்ணாச்சி" என்றாள். "முன்ன மாதிரி வரமாட்டேங்கு. நாம பாடுதது யாரு மேல போயி விழுமோன்னு பயமா இருக்கு."

 

6

லூர்தம்மாளுக்கு அசல் நாடா கிடைத்தது. ஓட்டிக் கேட்க வீட்டில் மிஷின் இல்லை. நாடாவை அண்ணனிடமே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைக்கு வந்து கேட்பாள். முதல் ஞாயிறே கேட்டுவிட்டாள். "அண்ணாச்சி, மத்தவங்கள எடுத்துட்டு, அவுகள மட்டும் தனியாக் குடுக்க முடியுமா?"

முடியாது என்று அண்ணன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் பின்னால் சொன்னார்கள். அவனுக்கே அது தெரியாது. யாரைக் கேட்பான்? கனத்த குரலை விட்டுவிட்டு மெல்லிய குரல்களை மட்டும் அடக்குகிற மாதிரி ஏதோ ஒரு சர்க்யூட் கட்டினான். பாட்டு டீச்சர் கொஞ்சம் பின்னுக்குப் போனார். தட்டுச் சத்தம் போகவில்லை. வேறு மாதிரிக் கட்டினான். ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் அலமாரியில் தூசி பிடித்தன. மைக் செட் கேட்டு வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். எனக்குக் கல்யாணமாகி ஷீபா பிறந்து, கனடா விசாவுக்கு நானும் செல்வினும் அலைந்த நாட்களிலும் அவன் அந்த நாடாவோடுதான் இருந்தான்.

கோபத்தில் ஒருநாள் கேட்டேன். "ஊருக்கு ஒண்ணு செய்யணும்னு ஆரம்பிச்ச. இப்பம் ஒரு ஆளுக்காக ஊரையே அழிச்சுக்கிட்டிருக்க."

"அந்த ஆளு மேலதானளா ஊரே ஏறி நின்னுச்சு" என்றான். ஸ்குரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, அண்ணனிடம் சொல்லிக்கொள்ளக் கடைக்குப் போயிருந்தேன். ஷீபா மடியில். லூர்தம்மாள் வந்தாள். அண்ணன் உற்சாகமாக இருந்தான்.

"இப்பம் கேளுங்க. நல்லாத் தெளிஞ்சிருக்கு."

அவள் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இதா அவுக?" என்றாள்.

"ஆமா. அந்த நீளமா இழுத்துப் பாடுதது. கேக்குதா?"

"நீங்க சொன்னாச் சரிதான்." ரிசீவரை மெதுவாகக் கொக்கியில் மாட்டினாள். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படாதீய. முன்னால வீட்டுல சும்மா இருக்கையில அவுக சத்தம் எனக்குள்ள கேக்கும். கோவத்துல கூப்புடுதது ஒரு மாதிரி, பசியில கூப்புடுதது ஒரு மாதிரி. இங்கன வந்து கேக்கக் கேக்க அது போயிட்டுது. இப்பம் அவுகள நெனச்சா இந்தக் கரகரப்புதான் வருது. எது அவுகன்னு நீங்க காட்டித் தந்தாத்தான் எனக்கே தெரியுது."

அண்ணன் மிஷினை நிறுத்தினான். உருளைகள் சுற்றி ஓய்கிற சத்தம் கேட்டது.

"போதும் அண்ணாச்சி. ஒங்க பொழப்பப் பாருங்க. நானும் மணப்பாட்டுல தங்கச்சி வீட்டோட போயிரலாம்னு இருக்கேன்."

ஷீபாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். அண்ணன் நாடாவை உருளைகளிலிருந்து கழற்ற ஆரம்பித்தான். நான் நாளைக்குக் கிளம்புகிறேன் என்று வந்தவள், அதைச் சொல்லச் சமயம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவன் மைக் செட் மட்டும் வாடகைக்கு விடுகிறான். கடை பரவாயில்லையாம். பீரோவைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

7

வியாழக்கிழமை ஸ்டுடியோவுக்கு ஷீபாவையும் கூட்டிப்போனேன். வீட்டில் விட ஆள் இல்லை. போன் எடுக்க வேண்டிய ஆளும் வராததால், டக் அவளைப் போன் மேஜையில் உட்காரவைத்து, எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.

விளக்குகள் போடும் முன் டக்கிடம் ஒன்று கேட்டேன். அப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்த குரலை, உங்களிடம் இருக்கிற மிஷின்களை வைத்தாவது தனியாகப் பிரிக்க முடியுமா?

அவர் யோசிக்கவே இல்லை. "முடியாது. பதியும்போதே எல்லாம் ஒன்றாகிவிடும். அடியில் இருந்ததில் பாதி அப்போதே போயிருக்கும். யாராலும் முடியாது" என்றார்.

இவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். தூத்துக்குடியில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இருந்திருந்தால், லூர்தம்மாள் அத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்திருக்க மாட்டாள். அவளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அப்படியே இருந்திருக்கும். மேக்கப் போடுகிற பெண் என் முகத்தில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று சொன்னாள். பவுடர் கலைந்துவிடுமாம்.

காமிராவைப் பார்த்துத் தமிழில் பேசினேன். யாருக்கென்று தெரியாததால் அண்ணனுக்குச் சொல்கிற மாதிரியே எல்லாவற்றையும் சொன்னேன். ராயப்பன் பாடின அம்பாவையும் எனக்கு வந்த மாதிரிப் பாடிக் காட்டினேன். பதில் வருகிற இடத்தில் நிறுத்தினேன். காமிராக்காரர் சத்தம் போய்விட்டதோ என்று டக்கைப் பார்த்தார். நான் அடுத்த வரியை எடுத்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அன்றைக்கு வந்த ஒரே போன். ஷீபா எடுத்துப் பேசினது எனக்கு நன்றாகவே கேட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர். அவர் வீட்டு டெலிவிஷனில் படம் சரியாக வருகிறது, சத்தம் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை என்கிறார்.

"சத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை, சார்" என்றாள் ஷீபா, இங்கிலீஷில். "அது தமிழ்." அவர் என்னவோ கேட்டிருக்க வேண்டும். எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அரைமணி நேரத்தில் எஞ்சியிருந்ததை எப்படிப் பேசி முடித்தேன் என்றே தெரியாது.

டிராமில் திரும்பும்போது வெளியே பனி. ஷீபா என் மேல் சாய்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். திடீரென்று இங்கிலீஷில் கேட்டாள்.

"அந்தச் சிரித்த அக்கா பம்பாயிலிருந்து திரும்பி வந்தாளா?"

முழுக்கப் புரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தெரியலம்மா" என்றேன்.

"உங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் தெருவில் நின்று பாடுவார்களா?"

அவள் பிறந்தது தூத்துக்குடியில். அதைச் சொல்லித் திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இங்கிலீஷில் அவள் கேட்டதற்குத் தமிழில்தான் பதில் சொன்னேன்.

"ஆமா" என்றேன். "எங்க ஊர்ல பாடுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். 'நம்ம ஊர்' என்று வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று, அவள் எட்டி மணிக்கயிற்றை இழுத்தாள்.